சொந்தப் பாட்டோடு மேடை தேடி அலைந்தபோது யாரும் சொல்லாமல் விட்டவை

நான் பாட்டு எழுதி, நானே மெட்டுப் போட்டு, கிட்டாரோடு பாடுகிற ஆள். பாட்டு எழுதுவது எப்படி என்று சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். வீட்டிலேயே பதிவு செய்வது எப்படி என்று காட்டும் வீடியோக்களுக்கும் பஞ்சமில்லை. ஆனால் எழுதி முடித்த பாட்டை நாலு பேர் முன்னால் நின்று பாட ஓர் இடம் எப்படிப் பிடிப்பது என்று கேட்டால் மட்டும் எல்லாரும் “முயற்சி பண்ணிட்டே இருங்க” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எந்தப் பக்கம் முயற்சி செய்வது, எந்தப் பக்கம் போகவே கூடாது என்று ஒருத்தராவது சொல்லியிருந்தால் என் சேமிப்பில் ஒரு பெரிய பங்கும், அதைவிட முக்கியமாக, பாட்டை விட்டுவிடலாமா என்று யோசித்துக்கொண்டு கிடந்த அந்த நாட்களும் மிஞ்சியிருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் எல்லாரும் செய்வதைத்தான் செய்தேன். நேரடி இசை நடக்கும் இடங்களின் பட்டியல் ஒன்றைத் தயாரித்து எல்லாருக்கும் மின்னஞ்சல் அனுப்பினேன். என் வாழ்க்கைக் கதை, எப்போதிலிருந்து எழுதுகிறேன், யாரெல்லாம் எனக்குப் பிடித்த கலைஞர்கள் என்று நீளமாக எழுதி, கூடவே பாட்டுகளை ஃபைலாக இணைத்து அனுப்பினேன். பதில் இல்லை. வேண்டாம் என்றுகூட யாரும் எழுதவில்லை. மறுப்பைத் தாங்கிக்கொள்ளலாம், இந்த மௌனத்தைத்தான் தாங்க முடியாது. பாட்டு மோசமா, ஆளே மோசமா என்று மனசு என்னென்னவோ யோசிக்கும்.

பிறகு ஒரு சின்ன அரங்கத்தில் நிகழ்ச்சிகளைத் தேர்வு செய்யும் வேலை பார்த்த ஒருவரிடம் பேசக் கிடைத்தபோதுதான் அந்த மௌனத்துக்கு அர்த்தம் புரிந்தது. அவருக்கு வருகிற மின்னஞ்சல்களை அவர் போனில்தான் பார்க்கிறார், அதுவும் வேறு வேலைக்கு நடுவில். அவருக்குத் தெரிய வேண்டியது மூன்றே விஷயம்: இந்தப் பாட்டு எங்கள் இடத்துக்குப் பொருந்துமா, இவர் நேரில் பாடினால் எப்படி இருக்கும், கேட்க யாராவது வருவார்களா. ஸ்டுடியோவில் மெருகேற்றிய பதிவு இரண்டாவது கேள்விக்குப் பதிலே சொல்லாது என்றார். அதில் குரல் திருத்தப்பட்டிருக்கலாம், நாலு கிட்டார் சேர்த்திருக்கலாம். இணைத்து அனுப்பும் ஃபைலை அவர் திறப்பதே இல்லையாம்.

அதற்குப் பிறகு நான் அனுப்பிய மின்னஞ்சல்கள் நாலைந்து வரிதான். என்ன மாதிரிப் பாட்டு, ஒரே ஒரு வீடியோ லிங்க், வார நாட்களில் எனக்குத் தோதான இரண்டு மூன்று தேதிகள், முன்பு எங்கே பாடியிருக்கிறேன், என்னால் ஏறத்தாழ எத்தனை பேரை வரவைக்க முடியும். எண்ணிக்கையில் பொய் சொல்லாதீர்கள். பத்துப் பேர் என்றால் பத்துப் பேர் என்றே எழுதுங்கள், ஏனென்றால் ஐம்பது என்று சொல்லி ஏழு பேர் வந்தால் அந்தக் கதவு அதோடு மூடிவிடும். வீடியோ போனில் எடுத்ததாக இருந்தால் போதும், ஆனால் வெட்டு ஒட்டு இல்லாமல் ஒரே தொடர்ச்சியாக, ஒலி தெளிவாக இருக்க வேண்டும். திரைச்சீலையும் துணிகளும் இருக்கும் அறையில் போனைப் பக்கத்தில் வைத்து எடுத்தால் எதிரொலி குறையும். பத்து விநாடிக்குள் பாட ஆரம்பித்துவிடுங்கள், நீளமான கிட்டார் முன்னிசையைக் கேட்டுக்கொண்டு அவர்கள் காத்திருக்க மாட்டார்கள். இரண்டு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம், அதற்கும் பதில் இல்லையென்றால் விட்டுவிட வேண்டியதுதான். பல இடங்களில் இரண்டு மூன்று மாதத்துக்கு முன்பே தேதிகள் நிரம்பிவிடும் என்பதால் அடுத்த வாரத்துக்கு வாய்ப்புக் கேட்பதில் பயனே இல்லை.

இதெல்லாம் தெரிவதற்கு முன்னால்தான் அந்த அழைப்பு வந்தது. என் வீடியோ ஒன்றைப் பார்த்ததாகச் சொல்லி ஒரு நிகழ்ச்சி அமைப்பாளர் செய்தி அனுப்பினார். புதுப் பாடலாசிரியர்களுக்கான மேடை, பெரிய அரங்கம், நல்ல ஒளியமைப்பு, இசைத் துறையிலிருந்து ஆட்கள் வருவார்கள் என்றார். பல மாதம் பதிலே வராத ஒருவனுக்கு “உங்க பாட்டு ரொம்பப் பிடிச்சிருந்தது” என்று ஒரு வரி வந்தால் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அடுத்த நாள்தான் நிபந்தனை வந்தது: ஒரு கட்டு டிக்கெட்டை நான் முன்பணம் கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும், விற்று அந்தப் பணத்தை நான் எடுத்துக்கொள்ளலாம், விற்காதது என் பொறுப்பு. எல்லாக் கலைஞர்களும் இப்படித்தான் தொடங்குகிறார்கள் என்றார். கொடுத்தேன். சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்திருந்த பணம் அது. உறவினர்களிடமும் கூட வேலை பார்ப்பவர்களிடமும் கொஞ்சம் விற்றேன், ஒவ்வொருவரிடமும் கேட்கக் கூச்சமாக இருந்தது. மீதி என் மேசை இழுப்பறையிலேயே கிடந்தது.

நிகழ்ச்சி அன்று போய்ப் பார்த்தால் என்னைப் போலவே டிக்கெட் கட்டு வாங்கிய ஒரு நீண்ட வரிசை நின்றது. இருபது நிமிடம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள், நேரமாகிவிட்டது என்று மூன்று பாட்டாகக் குறைத்தார்கள். சவுண்ட் செக், அதாவது பாடும் முன் ஒலியைச் சரிபார்ப்பது, கிடையாது. ஒவ்வொருவருக்கும் வந்த கூட்டம் அவரவர் நண்பர்கள்தான். தங்கள் ஆள் பாடி முடித்ததும் எழுந்து போய்விட்டார்கள். என் முறை வந்தபோது என் டிக்கெட்டில் வந்தவர்களைத் தவிர அரங்கத்தில் அநேகமாக யாரும் இல்லை. துறை ஆட்கள் என்று எவரும் என் கண்ணில் படவில்லை. கிட்டார் லைன் கரகரத்துக்கொண்டே இருந்தது. இறங்கி வந்ததும் பணம் கொடுத்து வந்திருந்த என் நண்பர்கள் “நல்லா இருந்துச்சு” என்று சொன்னபோது அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து அழுதேன். அதன்பிறகு வெகு நாள் கிட்டாரைத் தொடவே இல்லை.

இதற்கு ‘பே டு ப்ளே’ (பணம் கட்டிப் பாடு) என்று பெயரே இருக்கிறது, பல நாடுகளில் பல காலமாக இசைக்கலைஞர்கள் எதிர்த்துவரும் ஒரு முறை இது. கணக்கைப் பார்த்தால் புரியும்: வாசல் திறப்பதற்கு முன்பே அமைப்பாளருக்குப் பணம் வந்துவிட்டது, கலைஞர்கள்தான் அவருடைய வாடிக்கையாளர்கள். அரங்கம் நிறைந்தாலும் காலியாகக் கிடந்தாலும் அவருக்கு நஷ்டமில்லை, எனவே விளம்பரம் செய்ய வேண்டிய அவசியமும் இல்லை. யாராவது வாய்ப்பு என்று வந்தால் நேரடியாகக் கேளுங்கள்: விற்காத டிக்கெட்டுக்கு யார் பணம் கட்டுவது, மொத்தம் எத்தனை பேர் பாடுகிறார்கள், எனக்கு எத்தனை நிமிடம், நிகழ்ச்சியை மக்களிடம் கொண்டுபோக நீங்கள் என்ன செய்கிறீர்கள். முதல் கேள்விக்கே மழுப்பினால் அங்கேயே நிறுத்திவிடலாம். அதே சமயம் வாசல் வசூலில் இத்தனை சதவீதம் கலைஞருக்கு என்று பேசுவது வேறு. அதில் நீங்கள் முன்பணம் கட்டுவதில்லை, கூட்டம் வராவிட்டால் அவர்களுக்கும் நஷ்டம், அது நியாயமான ஏற்பாடு. பெரிய இசை விழாக்கள் சில, விண்ணப்பத்தைப் பரிசீலிக்க ஒரு சிறு கட்டணம் வாங்குவதும் உண்டு, அதையும் இதோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பாடுவதற்கே பணம் என்றால் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

போட்டிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெற்றி பெற்றால் மேடை வாய்ப்பு என்று சொன்ன ஒரு பாடலாசிரியர் போட்டிக்கு நுழைவுக் கட்டணம் கட்டினேன். பாட்டை ஏற்றுவதற்கு முன் வந்த விதிமுறைப் பக்கத்தைப் படித்தபோது நடுவில் ஒரு பத்தி: அனுப்பப்படும் எல்லாப் பாட்டுகளையும், பரிசு பெறாதவற்றையும் சேர்த்து, எந்தக் கட்டணமும் இல்லாமல் எந்தக் காலத்திலும் எந்த வடிவத்திலும் அவர்கள் பயன்படுத்திக்கொள்ளலாம். விலகிக்கொண்டேன், கட்டணம் திரும்ப வரவில்லை. பாட்டைப் பொது இடத்தில் பாடினால் யாராவது திருடிவிடுவார்களோ என்று புதியவர்கள் பலர் பயப்படுகிறார்கள். 1886-ல் உருவான பெர்ன் உடன்படிக்கை என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின்படி பதிப்புரிமைக்குப் பதிவு செய்ய வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது, எழுதியவருக்கே உரிமை. எழுதியோ ஒலிப்பதிவு செய்தோ வைத்துவிட்டு மேடையில் பாடுவதால் அந்த உரிமை போய்விடாது. அது போவது பெரும்பாலும் நாம் படிக்காமல் ‘சம்மதம்’ என்று அழுத்துகிற இடத்தில்தான்.

சரி, எது வேலை செய்தது? கிட்டார் இல்லாமல் வெறும் பார்வையாளனாக இடங்களுக்குப் போக ஆரம்பித்ததுதான். அப்போதுதான் ஒன்று பிடிபட்டது. பாட்டு பின்னணியில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்று நினைக்கிற இடங்களும் உண்டு, பாட்டைக் கேட்பதற்காகவே ஆட்கள் வருகிற இடங்களும் உண்டு. முதல் வகையில் மக்கள் பேச வருகிறார்கள், அவர்களுக்குத் தெரிந்த பாட்டு என்றால் ஒரு நிமிடம் திரும்பிப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். அங்கே மூன்று மணிநேரம் பிரபலப் பாடல்களைப் பாடினால் ஓரளவு பணம் கிடைக்கும், அது கௌரவமான தொழில், விரல்களுக்கும் குரலுக்கும் நல்ல பயிற்சியும்கூட. ஆனால் யாரும் இதுவரை கேட்டிராத, வரிகளைக் கவனித்தால் மட்டுமே ஒட்டிக்கொள்ளும் பாட்டுக்கு அது இடமில்லை. அந்த மாதிரி இடங்களில் என் பாட்டைப் பாடிவிட்டு, பாட்டு சரியில்லை என்று நினைத்து வரிகளைத் திருப்பித் திருப்பி மாற்றிக்கொண்டிருந்தேன். இடம் மாறியபோது அதே பழைய வரிகளுக்கு ஆட்கள் தலை நிமிர்ந்தார்கள்.

கேட்பதற்கென்றே உள்ள இடம் என்றால் உலகத்தில் பலரும் சொல்லும் உதாரணம் அமெரிக்காவின் நாஷ்வில்லில் 1982-ல் தொடங்கிய புளூபேர்ட் கஃபே. ஏறத்தாழ 90 பேர் மட்டுமே உட்காரக்கூடிய இடம், பாட்டு நடக்கும்போது பேசினால் அமைதிப்படுத்திவிடுவார்கள். பாடலாசிரியர்கள் மேடை ஏறாமல் அறையின் நடுவில் வட்டமாக உட்கார்ந்து ஒருவர் மாற்றி ஒருவர் தங்கள் பாட்டைப் பாடி அது பிறந்த கதையைச் சொல்லும் முறை அங்கேதான் பேர் பெற்றது. டெய்லர் ஸ்விஃப்ட் பதின்ம வயதில் அங்கே பாடியபோது கேட்டவர்களில் ஒருவர்தான் பிறகு அவரைத் தன் நிறுவனத்தில் ஒப்பந்தம் செய்தார். நான் டிக்கெட் கட்டு வாங்கிப் பாடிய அரங்கம் இதைவிடப் பெரியது. ஒரு இடத்தைத் தேடும்போது எத்தனை இருக்கை என்பதைப் பார்க்காதீர்கள், பாட்டு தொடங்கியதும் அந்த அறையில் பேச்சு நிற்கிறதா என்று பாருங்கள். நிகழ்ச்சியை நடத்துபவர் மற்றவர்கள் பாடும்போது அறைக்குள் இருக்கிறாரா, பாடி முடித்தவர்கள் உட்கார்ந்து அடுத்தவரைக் கேட்கிறார்களா, இதையும் கவனியுங்கள்.

அப்படி ஒரு ஓப்பன் மைக், அதாவது யார் வேண்டுமானாலும் பெயர் கொடுத்துப் பாடக்கூடிய நிகழ்ச்சி, கிடைத்தது. வாரா வாரம் போனேன். ஆளுக்கு இரண்டு பாட்டு அல்லது பத்து நிமிடம் என்பதுதான் பொதுவான வழக்கம், பெயர் எழுதும் தாளில் சீக்கிரம் எழுதியவருக்கு நல்ல நேரம். கடைசிக்குப் போனால் பாதிப் பேர் கிளம்பியிருப்பார்கள். சுருதி சேர்ப்பதை மேடையில் வைத்துக்கொள்ளக் கூடாது, முந்தின ஆள் பாடும்போதே ஓரமாகக் கிளிப் ட்யூனரை மாட்டிச் சரி பார்த்துவிடுங்கள், அது சத்தம் இல்லாமல் வேலை செய்யும். நல்ல பாட்டைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளாமல் முதலிலேயே பாடுங்கள். பாட்டுக்கு முன்னால் “இது இன்னும் முடியல, தொண்டையும் சரியில்ல” என்றெல்லாம் சொல்லாதீர்கள், பெயரைச் சொல்லிவிட்டுப் பாட்டுக்குப் போய்விடுங்கள். அப்புறம் கடைசி ஆள் பாடி முடிக்கும்வரை இருங்கள். இது மரியாதைக்காக மட்டும் இல்லை. அங்கே நிகழ்ச்சியை நடத்தியவர் மடியில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருப்பார். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் பென்சிலால் ஏதோ ஒரு வரி எழுதுவார். ஒருநாள் எட்டிப் பார்த்தேன். என் பெயருக்கு நேரே நான் பாடிய பாட்டின் முதல் சொல்லும், ‘கடைசிவரை இருந்தார்’ என்றும் எழுதியிருந்தது. சில வாரம் கழித்து, “வெளியூர்லேருந்து ஒருத்தர் வர்றாங்க, அவங்களுக்கு முன்னாடி அரை மணி நேரம் பாடுறீங்களா?” என்று கேட்டார். எனக்குக் கிடைத்த முதல் உண்மையான வாய்ப்பு அது. விண்ணப்பம் இல்லை, கட்டணம் இல்லை. அரை மணி என்றால் ஆறு பாட்டு, மிஞ்சிப்போனால் ஏழு. பாட்டுக்கு நாலு நிமிடம் போக, பேசுவதற்கும், சுருதியை உயர்த்தக் கிட்டார் கழுத்தில் மாட்டும் கேப்போவை மாற்றுவதற்கும் நேரம் வேண்டும். வீட்டில் கடிகாரம் வைத்துப் பேச்சோடு சேர்த்துப் பாடிப் பாருங்கள். முதன்மைக் கலைஞரின் நேரத்தில் ஒரு நிமிடம்கூட எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஒலி விஷயத்தில் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் தனியாகப் பாடுபவருக்கு இதுதான் பெரிய பயம். மைக்கைக் கிட்டத்தில் பிடித்தால் நன்றாகக் கேட்கும் என்று நினைத்து அதன் கம்பி வலைத் தலையைக் கையால் மூடிப் பிடிப்பேன், உடனே ‘கீ’ என்று ஊளையிடும். ஒருநாள் ஒலிக்காரர் மேடைக்கு வந்து என் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கைப்பிடியில் வைத்தார். “அண்ணா, ஏன்?” என்றேன். மேடையில் நாம் பாடுகிற வழக்கமான மைக் முன்னால் வருவதை நன்றாகவும் பின்னால் வருவதை மிகக் குறைவாகவும் எடுக்கும்படி செய்யப்பட்டது, அதனால்தான் நமக்குக் கேட்பதற்கான மானிட்டர் ஸ்பீக்கரை மைக்கின் பின்பக்கத்துக்கு நேராக வைக்கிறார்கள். அந்த வலைத் தலைக்குள் பின்பக்கமாக உள்ள துளைகள் வழியாகத்தான் அந்தத் திசைக் கணக்கு நடக்கிறது. கையால் மூடினால் மைக் எல்லாத் திசையிலிருந்தும் எடுக்கும், மானிட்டர் சத்தம் உள்ளே புகுந்து சுற்றிச் சுற்றிப் பெருகும். இரண்டே நிமிடத்தில் அவர் சொன்ன இதை அதற்குமுன் யாரும் எனக்குச் சொன்னதில்லை. கிட்டாரின் கரகரப்புக்கும் அவரே காரணம் கண்டுபிடித்தார்: கிட்டார் ஒலியை மின் சிக்னலாக மாற்றும் பிக்கப்பின் 9 வோல்ட் பேட்டரி தீரும் நிலையில் இருந்தது. கேபிளைச் சொருகி வைத்திருந்தாலே பல கிட்டார்களில் பேட்டரி ஓடிக்கொண்டிருக்கும், அதனால் பாடாதபோது கழற்றிவிடுங்கள். இப்போது என் பையில் ஒரு புதுப் பேட்டரி, சொந்தக் கேபிள் இரண்டு, கூடுதல் தந்திகள், ஒரு சின்ன டிஐ பாக்ஸ் எப்போதும் இருக்கும். டிஐ பாக்ஸ் என்பது கிட்டார் சிக்னலை நீளமான வயரில் இரைச்சல் சேராமல் மிக்ஸருக்குக் கொண்டுபோகும்படி மாற்றித் தரும் பெட்டி. சின்ன இடங்களில் அது இருக்கும் என்று நம்ப முடியாது. ஒலிக்காரரின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, முடிந்ததும் நன்றி சொல்லிவிட்டுப் போங்கள்.

ஓப்பன் மைக்கில் பழக்கமான இன்னும் இரண்டு பாடலாசிரியர்களோடு சேர்ந்து நாங்களே நிகழ்ச்சி நடத்த ஆரம்பித்தோம். ஒருவர் வீட்டுக் கூடத்தில் நாற்காலிகளைப் போட்டு, மைக்கே இல்லாமல். மூன்று பேருக்கும் ஆளுக்குப் பத்துப் பேர் வந்தாலே அறை நிறைந்துவிடும், என் நண்பர்கள் அவர்கள் பாட்டையும் அவர்கள் நண்பர்கள் என் பாட்டையும் கேட்டுத்தான் ஆக வேண்டும். வட்டமாக உட்கார்ந்து மாற்றி மாற்றிப் பாடுவதால் தன் ஆள் பாடி முடித்துவிட்டார் என்று யாரும் எழுந்து போவதில்லை. விருப்பப்பட்டுப் போடும் பணம் முழுக்கப் பாடுபவர்களுக்கு. அந்தப் பெரிய அரங்கத்தில் இழந்தது இன்னும் திரும்பி வரவில்லை, ஆனால் இந்தக் கூடத்தில் என் பாட்டைக் கேட்ட ஒருவர் தன் வீட்டில் நடத்த அழைத்தார், அங்கே கேட்ட இன்னொருவர் ஒரு நூலகத்தில் பேசி ஏற்பாடு செய்தார். வாசலில் பெயரும் மின்னஞ்சலும் எழுத ஒரு தாள் வையுங்கள். சமூக வலைத்தளத்தில் பின்தொடர்பவர்களைவிட அந்தத் தாளில் இருக்கும் முப்பது பேர்தான் அடுத்த நிகழ்ச்சிக்கு வருகிறார்கள்.

பணம் பற்றிய பேச்சை முன்கூட்டியே, எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நிலையான தொகையா, வாசல் வசூலில் பங்கா. பங்கென்றால் ஒலிக்காரர் கூலியைக் கழித்த பிறகா, கழிக்கும் முன்பா. அன்று இரவே தருவார்களா. பேசி முடித்ததும் “நாம பேசினது இதுதானே” என்று நாலு வரி அனுப்பி ‘ஆமாம்’ என்ற பதிலை வாங்கிவிட்டால் போதும். இன்னொரு வருமானம் பலருக்குத் தெரியாமலே போகிறது. சொந்தப் பாட்டை மேடையில் பாடினால் பாடலாசிரியருக்கு ராயல்டி, அதாவது உரிமைத்தொகை, உண்டு. உரிமம் பெற்ற அரங்கங்கள் அதற்கான கட்டணத்தை உரிமைச் சங்கங்களுக்குக் கட்டுகின்றன. அமெரிக்காவில் ஆஸ்காப், பிஎம்ஐ, பிரிட்டனில் பிஆர்எஸ், இந்தியாவில் ஐபிஆர்எஸ் என்று நாட்டுக்கு நாடு சங்கம் வேறு. உறுப்பினராகி, பாட்டுகளைப் பதிவு செய்து, நிகழ்ச்சி முடிந்ததும் எந்தெந்தப் பாட்டு பாடினோம் என்ற பட்டியலைக் கொடுக்கிற வசதி பலவற்றில் இருக்கிறது. பட்டியல் கொடுக்கக் கெடு உண்டு என்பதால், ஒவ்வொரு நிகழ்ச்சியின் தேதி, இடம், பாடிய வரிசை மூன்றையும் அன்று இரவே எழுதி வைத்துவிடுங்கள்.